மீதிப் பிள்ளை

கணக்கில் வருகிற ஆட்கள் வெள்ளக்கரைப் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்க ஆரம்பித்த வருஷத்தில், அதைப் பார்த்து ஆச்சரியப்படக்கூடத் தங்கபுஷ்பம் டீச்சருக்கு நேரம் இருக்கவில்லை. ஒரே அறையில் இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும்; வந்த முட்டை எத்தனை, அவித்த முட்டை எத்தனை, உடைந்த முட்டை எத்தனை என்று செல்போனில் ஏற்றுகிற வேலை; சாயங்காலமானால் வாக்காளர் பெயரைச் சரிபார்க்க உப்பள லைன் வீடுகளுக்கு ஏறி இறங்குகிற வேலை; வீட்டுக்குப் போனால் படுத்த படுக்கையாகிவிட்ட மாமியார், பஸ் டிப்போவில் ஷிப்டு மாறி மாறிப் பார்த்து எந்நேரமும் தூக்கத்துக்கு ஏங்குகிற புருஷன், பரீட்சை பரீட்சை என்று சொல்லித் தின்ற தட்டைக் கழுவாத மகள். இத்தனைக்கும் நடுவில் ஒரு திங்கட்கிழமை அவள் கரும்பலகையில், மணிவண்ணன் முப்பது மாம்பழம் வைத்திருந்தான், பத்துப் பழத்தைக் கொடுத்துவிட்டான், மீதி எத்தனை என்று எழுதிவிட்டுச் சாக்பீஸ் தூசியைத் தட்டியபடி திரும்பினால், கேட்டுக்கு வெளியே தலையில் கூடையோடு ஒருவன் நின்றுகொண்டிருந்தான்.

"யாருப்பா, என்ன வேணும்?"

"நான் மணிவண்ணன். என்னிடம் முப்பது மாம்பழங்கள் இருந்தன" என்றான் அவன், அச்சடித்த தமிழில்.

டீச்சர் அவனையும் பார்த்தாள், கரும்பலகையையும் பார்த்தாள். கண் எரிந்தது. வெயிலில் நிற்காமல் அந்த உடைமரத்துக்குக் கீழே போய் நில்லு என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். பிள்ளைகள் வழக்கம்போல, "டீச்சர், இது கூட்டலா கழித்தலா?" என்று கேட்டார்கள். அவளும் வழக்கம்போல, "மீதின்னு வந்துருக்குல்லா, பாட்டப் பாடுங்க" என்றாள். மொத்தம் வந்தால் கூட்டு, மீதி வந்தால் கழி என்று கைதட்டிப் பாடுகிற அந்தப் பாட்டை, தொண்டை கட்டிப்போன ஒரு வருஷத்தில், இருக்கிற குரலை மிச்சம் பிடிக்க அவளே கட்டியிருந்தாள். பிள்ளைகள் பாடிவிட்டு இருபது என்று கத்தினார்கள். மணிவண்ணன் தலையை ஆட்டினான், கூடையை ஒரு தடவை சரிபார்த்தான், உப்பளத்து வரப்பில் நடந்து போய் உப்பின் வெளிச்சத்தில் கலந்துவிட்டான்.

மறுநாள் நெல்லிக்காய்க்காரி வந்தாள். அதற்கு மறுநாள் பென்சில்களைக் கட்டுக்கட்டாக வைத்துக்கொண்டு ஒரு கடைக்காரர் வந்தார். வெள்ளக்கரை கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் கிடக்கிற ஊர். கண்ணுக்கு எட்டின மட்டும் பாத்தி, பாத்திக்கு அப்பால் உப்புக் குவியல், பச்சையென்று சொல்ல உடைமரத்தை விட்டால் ஒன்றும் கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் தினமும் இரண்டாவது பாடவேளைக்குக் கூடை கூடையாய்ப் பழம் வந்து நிற்பதை, விடியும் முன்னே அளத்துக்குப் போய்க் காலில் உப்புக் கடித்துத் திரும்பி வருகிற பெண்கள் நின்று பார்த்தார்கள், பார்த்துவிட்டு உலை வைக்கப் போனார்கள். கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த பொன்னுலிங்கம், பள்ளி மேலாண்மைக் குழுவிலும் ஒரு ஆளாக இருந்தபடியால், வந்தவர்களுக்கு ஆளுக்கொரு டீ கொடுத்தார். குடித்துவிட்டு அவர்கள், "ஒரு தேநீர் அருந்தினேன். இன்னும் ஒன்று அருந்தினால் மொத்தம் எத்தனை?" என்று கேட்டுக்கொண்டு நின்றதால் இரண்டாவது டீ கொடுப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

பிள்ளைகள் தப்பாகச் சொன்னால் என்ன ஆகும் என்பது அந்த வாரமே தெரிந்துபோயிற்று. கணக்கு ஆட்களுக்குப் பிள்ளைகள் சொன்னதுதான் சட்டம். கூடையில் இருபத்தைந்து ஆரஞ்சு இருக்கும்போது பிள்ளைகள் பதினைந்து என்று சொல்லிவிட்டால், வந்தவன் பதினைந்தை எண்ணி எடுத்துக்கொண்டு, பத்தைக் கேட்டடியில் இறக்கி வைத்துவிட்டு, அது தன்னுடையது இல்லை என்பதுபோலப் போய்விடுவான். நாற்பது என்று கூட்டிச் சொல்லிவிட்டாலோ, குறைகிற பதினைந்துக்கு ஊருக்குள் வீடு வீடாகப் போய்க் கையேந்துவான். முதலில் பாவம் பார்த்துத் தக்காளியும் வெங்காயமும் கொடுத்தார்கள். பிறகு ஆளுக்கொரு உப்புக்கட்டி கொடுத்தார்கள். அவன் அதையும் ஆரஞ்சு என்றே எண்ணி வாங்கிக்கொண்டு போனான்.

இப்படி ஒரு விஷயம் தெரிந்த பிறகு ஊர் சும்மா இருக்குமா? இருக்கவில்லை. தலையில் எண்ணெய் வைத்துச் சீவிவிடும்போதே தாய்மார்கள், "குறச்சுச் சொல்லு பிள்ள, எது கேட்டாலும் குறச்சே சொல்லு" என்று காதில் ஓதி அனுப்பினார்கள். பொன்னுலிங்கம் ஒருநாள் கதவோரம் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"டீச்சர், மாம்பழம் கொய்யாப்பழம்னு எத்தன நாளைக்கு? ஒரு தண்ணி லாரி போடுங்களேன். ஐநூறு கொடம் தண்ணி, நூறு கொடம் ஊத்திட்டான், மீதி எத்தனன்னு. மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்."

டீச்சர் போட்டாள். போட மாட்டேன் என்று வாதாடுவதைவிட எழுதிப் போட்டுவிடுவது சுளுவாக இருந்தது. பிள்ளைகள் சொல்லிவைத்தபடி நான்கு என்று சொல்ல, லாரிக்காரன் நான்கே நான்கு குடத்தை லாரியில் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் கேட்டடியில் திறந்துவிட்டுப் போனான். வெள்ளக்கரையில் அன்றைக்கு எல்லாரும் நல்ல தண்ணீரில் குளித்தார்கள். தலைமையாசிரியர் ஐயாத்துரை, வருவதை வாங்கி வைப்போம் என்ற கொள்கைக்காரர், தன் பங்குக்கு இரண்டு சிமெண்டுத் தொட்டி கட்டச் சொன்னார். வட்டாரத்திலிருந்து பார்வையிட வந்த அதிகாரி, வாசலில் பூசணிக்காயோடு நின்ற மூன்று பேரைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து, "இதெல்லாம் சரி, ஆனா இத ஏத்துறதுக்கு ஆப்ல எடம் இல்லையே" என்று மட்டும் வருத்தப்பட்டார்.

ஒரே ஒரு கட்டுப்பாட்டை டீச்சர் தனக்குத்தானே வைத்திருந்தாள். எண்ணப்படுகிற பொருளாக உயிருள்ள எதையும் கணக்கில் வைப்பதில்லை. ஆடு மாடு கிடையாது, பேருந்தில் ஏறி இறங்குகிற பயணிகள் கிடையாது. புத்தகத்தில் அப்படி வந்தால் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போய்விடுவாள். யாரும் சொல்லித்தரவில்லை, அவளுக்கே அப்படித் தோன்றியிருந்தது.

அதையும் ஒருநாள் கோட்டை விட்டாள். முந்தின சாயங்காலம் லைன் வீடுகளில் எத்தனை வாசலில் நின்று, வீட்டில் எத்தனை பேர், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாளோ, கால் வீங்கிப்போயிருந்தது. கனவில்கூட அதே கேள்விதான் ஓடியது. காலையில் மாமியார் படுக்கையை நனைத்துவிட்டாள், பஸ் போய்விட்டது, அலமாரிக்குள் இருந்த புத்தகத்தைக் குனிந்து எடுக்க இடுப்பு வரவில்லை. மண்டையில் எது மிதந்ததோ அதை எழுதினாள்.

ஓர் அம்மாவின் பிள்ளைகளில் மூன்று பேர் விளையாடப் போய்விட்டார்கள். மீதி இரண்டு பேர் அம்மாவோடு இருக்கிறார்கள். அம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள்?

எழுதி முடித்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் என்ன எழுதினோம் என்று உறைத்தது. அதற்குள் கேட்டடியில் ஒருத்தி வந்துவிட்டாள். இடுப்பில் கைக்குழந்தை, கையைப் பிடித்தபடி ஏழு வயசில் ஒரு பெண். தூரத்தில் அளத்து வரப்பில் மூன்று பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் எழுந்து அழிப்பானை எடுப்பதற்குள், எந்தக் கேள்விக்கும் முதல் ஆளாகக் கத்துகிற பேச்சியம்மாள், "மீதி வந்துருக்கு, கழி! மூணுல ரெண்டு போனா ஒண்ணு!" என்றாள். வகுப்பு மொத்தமும் ஒண்ணு, ஒண்ணு என்று கைதட்டியது.

அந்த அம்மா தலையை ஆட்டினாள். இடுப்பில் இருந்த குழந்தையைத் தொட்டுப் பார்த்தாள். பிடித்திருந்த கையை விட்டாள். வரப்பில் விளையாடுகிறவர்களைத் திரும்பியும் பார்க்காமல் கைக்குழந்தையோடு நடந்தாள், வெளிச்சத்துக்குள் போய்விட்டாள். ஏழு வயசுக்காரி ஆரஞ்சும் பூசணிக்காயும் கிடக்கிற இடத்தில் அப்படியே நின்றாள். அழவில்லை. பிள்ளைகள்தான் கைதட்டுவதை நிறுத்திவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தக் கணக்கு அழிந்தால் பிள்ளையை அம்மாவிடம் சேர்க்க வழியே இருக்காது என்று டீச்சருக்குப் பட்டது. உடனே அந்தக் கணக்கைச் சுற்றிக் கட்டம் போட்டு, மேலே 'அழிக்காதே' என்று எழுதினாள். பிள்ளைகளிடம் விடை ஐந்து என்று சொன்னாள். எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கள் என்றாள். ஐந்து என்று சொன்னார்கள். வாசலில் யாரும் வரவில்லை. எழுதச் சொன்னாள், பத்துத் தடவை எழுதினார்கள். எழுதிவிட்டுப் பேச்சி, "டீச்சர், அப்போ இது கூட்டல் கணக்கா? மீதின்னுல்லா இருக்கு" என்று கேட்டாள். கேட்டடியில் நிற்கிறவனுக்குச் சொல்லிக்கொடுத்த விடை போதும், விடை வாங்கிப் போய்விட்ட அம்மா அதற்குத் திரும்பி வரமாட்டாள், பிள்ளைகள் தாங்களாக யோசித்துச் சொன்னால்தான் வருவாள் என்று டீச்சருக்குப் புரிந்தது. புதிதாக அதே கணக்கை எழுதலாமா என்றால், இன்னொரு அம்மா இன்னும் இரண்டு பிள்ளைகளோடு வந்து நின்றுவிட்டால் என்ன செய்வது?

கணக்கில் பெயர் கொடுக்காததால் அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை. பிள்ளைகள் மீதி என்று கூப்பிட்டார்கள், ஊரில் மீதிப் பிள்ளை என்றார்கள். ஐயாத்துரை சார் அவளைப் பதிவில் சேர்க்கப் பார்த்தார்; ஆதார் கேட்டது, ஆதாருக்கு அம்மா பெயர் கேட்டது, அந்த அம்மாவுக்கும் டீச்சர் பெயர் வைத்திருக்கவில்லை. யார் வீட்டில் விடுவது என்ற பேச்சே எழவில்லை. கணக்குப் போட்டது டீச்சர், அதனால் டீச்சர் வீட்டுக்குத்தான் என்று ஊர் தானாகத் தீர்மானித்துவிட்டது. இன்னொரு வாய், இன்னொரு பாய், இன்னொரு சட்டை துவைக்க. டீச்சருக்கு அந்தப் பிள்ளையின் மேல் முதலில் வந்தது பாசம் இல்லை, அசதிதான்.

பிள்ளையால் தொந்தரவு ஒன்றும் இருக்கவில்லை. ஒரே ஒரு பழக்கம். எங்கே யார் எதை எண்ணினாலும் அவள் கேட்பாள். பள்ளிக்கூடத்தில் சமையலம்மா செல்லக்கனி, இன்றைக்கு எத்தனை தலை என்று எண்ணிச் சொல்லும்போது, "என்னைச் சேர்த்தா, சேர்க்காமலா?" என்று கேட்பாள். விளையாட்டுக்கு ஆள் பிரிக்கும்போதும் அதுதான், முட்டை உரிக்கும்போதும் அதுதான். சேர்த்துத்தான் என்று யாராவது சொன்ன பிறகே சோற்றில் கை வைப்பாள். முதல்நாள் ராச்சாப்பாட்டுக்குத் தட்டு எடுக்கும்போது டீச்சர், அவருக்கு, அத்தைக்கு, மகளுக்கு, உனக்கு என்று நான்கு தட்டு எடுத்து வைத்தாள்.

"நான்கு. என்னைச் சேர்த்தா?"

"ஒன்னச் சேத்துத்தான்."

"உங்களைச் சேர்த்தா?"

டீச்சர் தோசையைத் திருப்பிப் போட்டாள். "என்னச் சேக்காம. நான் கடைசில இருக்கதத் தின்னுக்கிடுவேன், நீ சாப்பிடு" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு அவளுக்குத் தோசைக்கல் முன்னால் நிற்கையில் காரணமில்லாமல் கண் நிறைந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து பாட்டை நிறுத்தினாள். சுவரில் வர்ணத்தில் எழுதியிருந்ததைச் சுண்ணாம்பு பூசி மறைத்தாள். பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய், உப்புக்கட்டிகளைப் பொறுக்கச் சொல்லி, இது போனது, இது இருக்கிறது, போனதும் இருப்பதும் சேர்ந்தால் எது என்று குத்துக்காலிட்டு உட்கார்ந்து வைத்து வைத்துக் காட்டினாள். எல்லாவற்றையும் கவனமாகப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் கேட்டார்கள்: "டீச்சர், இது கூட்டலா கழித்தலா?" இத்தனை வருஷமாகத் தான் ஊட்டியதுதான் திரும்பி வருகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. கோபப்பட யாரும் இல்லாததால் திரும்பவும் உட்கார்ந்து திரும்பவும் வைத்துக் காட்டினாள்.

ஊருக்கு இது பிடிக்கவில்லை. பிள்ளைகள் நிதானித்து யோசிக்க ஆரம்பித்ததில் சின்னக் கணக்குகள் சரியாக வரத் தொடங்கி, கேட்டடியில் ஒன்றும் தங்குவதில்லை. தண்ணீர் லாரி வந்தாலும் ஒரு சொட்டு ஊற்றாமல் மீதியோடு திரும்பிப் போனது. சிமெண்டுத் தொட்டியில் பல்லி ஓடியது. பொன்னுலிங்கம் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"பிள்ளைக கணக்கத் தப்பாச் சொன்னா யாருக்கு என்ன நட்டம் டீச்சர்? நல்லா ஓடிக்கிட்டு இருந்துச்சி. நீங்க ஏன் மெனக்கெடுதிய?"

டீச்சர் உப்புக்கட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். செல்லக்கனிதான் அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்தாள். "யாருக்கு நட்டமா? அங்கன நிக்கா பாரும், அவளுக்கு நட்டம். நீரு குடிச்ச தண்ணியும் அவளும் ஒரே வழியாத்தான் வே வந்துது" என்றாள். பொன்னுலிங்கம் உடைமரத்துப் பக்கம் பார்த்தார். பார்த்துவிட்டு, எங்கே நிற்கிறாள் என்று கேட்டார். அவள் அவருக்கு நேரே நின்றுகொண்டிருந்தாள்.

அதுதான் விஷயம். மீந்த பழமும் தண்ணீரும் கணக்கை அழித்த பிறகும் கிடந்தன, உயிருள்ளதற்கு அப்படி இல்லை. உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. கரும்பலகையில் கட்டத்துக்குள் இருந்த எழுத்துகள் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தன; மேலே தொட்டு எழுதினால் புதுக் கணக்காகி இன்னொரு அம்மா வந்துவிடுவாளோ என்று டீச்சர் பயந்தாள். எழுத்து உதிர உதிர அந்தப் பிள்ளை ஆட்களின் கண்ணுக்குத் தப்பிக்கொண்டிருந்தாள். 'இரண்டு' என்பதில் பாதி அழிந்த வாரத்தில் அவள் நிழல் மற்றப் பிள்ளைகளின் நிழலைவிட வெளிறிப்போயிற்று. செல்லக்கனியே பந்தியில் அவளைத் தாண்டிப் பரிமாறிக்கொண்டு போய், பிறகு திரும்பி வந்து, "ஏ பிள்ள, இங்கனதான் இருந்தியா" என்று தலையில் அடித்துக்கொண்டாள். வீட்டில் டீச்சரின் புருஷன் அவள் படுத்திருந்த பாயைச் சுருட்டப் போனார். அவள் மட்டும் கோபித்துக்கொள்ளாமல், "என்னயும் சேத்தா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பிள்ளைகளோடு பழகி அவள் பேச்சு மாறியிருந்தது, குரல்தான் தேய்ந்துகொண்டே வந்தது.

ஐப்பசி பிறந்தது. பள்ளிக்கூடத்து ஓடு வருஷா வருஷம் ஒழுகுகிற இடம் சரியாகக் கரும்பலகைக்கு மேலேதான். ஒரு மழை இறங்கினால் கணக்கு கரைந்துவிடும், கணக்கு கரைந்தால் பிள்ளை இருக்கமாட்டாள். இதை டீச்சர் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லாமலே ஊருக்குத் தெரிந்திருந்தது. வானம் கறுத்த அன்று காலையில் பொன்னுலிங்கம், உப்புக் குவியலை மூடுகிற தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, ஏணி வைத்து ஏறினார். அவரோடு அன்றைக்கு வந்த நான்கு பேரும் நான்கு மூலையைப் பிடித்தார்கள். பிள்ளைகள் சரியாகச் சொன்னால் தண்ணீர் வராது என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் கட்டினார்கள்.

மழை பத்து மணிக்குப் பிடித்தது. தார்ப்பாயில் விழுகிற சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. காற்று தார்ப்பாயின் ஒரு மூலையைத் தூக்க, கரும்பலகையின் மேல் விளிம்பில் ஒரு சொட்டு இறங்கி 'அழிக்காதே' என்பதன் நடுவே கோடு இழுத்தது. டீச்சர் தன் சேலைத் தலைப்பால் அதை ஒற்றினாள். இரண்டாவது சொட்டையும் ஒற்றினாள். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டியபடி, "ஒரு தடவ, ஒரே ஒரு தடவ நல்லா வாசிங்க மக்கா. கூட்டலா கழித்தலான்னு மட்டும் கேக்காதிய. எனக்கு முடியல" என்றாள்.

யாரும் கேட்கவில்லை. அவர்கள் வாசித்தார்கள். இரண்டாம் பெஞ்சில், இருக்கிறாளா இல்லையா என்று தெரியாத அளவுக்கு ஆகிவிட்ட அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேச்சியம்மாள், எப்போதும் முதலில் கத்துகிறவள், அன்றைக்கு வாயைத் திறக்காமல் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒண்ணு என்று தான் கத்தியதால்தான் இவள் இங்கே இருக்கிறாள் என்பது அவளை அத்தனை நாளும் தின்றிருந்தது. தூரத்து வரப்பில் மழையிலும் அந்த மூன்று பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து அவர்கள் நிறுத்தவே இல்லை, யாராவது பக்கத்தில் போனால் அடுத்த வரப்புக்குப் போய்விடுவார்கள்.

"டீச்சர்" என்றாள் பேச்சி. "நீங்க எங்க வீட்டுக்கு எழுத வந்தப்ப, வீட்டுல எத்தன பேருன்னு கேட்டிய. அம்ம அஞ்சு பேருன்னு சொன்னா."

"ஆமா."

"வீட்டுல நாங்க நாலு பேருதான இருந்தோம். அப்பா மங்களூருக்குக் கடலுக்குப் போயிருக்காவ. ஆனா அப்பாவயும் சேத்துத்தான் அம்ம சொன்னா. போயிருந்தா நம்ம ஆளு இல்லன்னு ஆயிருமா?"

டீச்சர் திரும்பவில்லை. திரும்பினால் தன் முகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் விடையைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்தாள். பின்னால் ஒருவன் தன் அண்ணன் ஹாஸ்டலில் இருக்கிறான், ஆனாலும் அம்மா பொங்கலுக்குச் சட்டை எடுக்கும்போது அவனையும் எண்ணித்தான் எடுப்பாள் என்றான். இன்னொருத்தி தன் அக்காவைக் கட்டிக்கொடுத்த கதையைச் சொன்னாள். அது சேருமா சேராதா என்று சண்டை வந்தது. சண்டையின் நடுவில் பேச்சி எழுந்து நின்று ஜன்னலைக் காட்டினாள்.

"அப்போ அங்க வெளாடுதாளுவளே, அவளுவளும் அந்த அம்ம பிள்ளையதான். போன மூணு பேரயும் சேத்து, இருக்க ரெண்டு பேரயும் சேத்து." பக்கத்தில் கையை நீட்டித் தடவி, அந்தப் பிள்ளையின் தோளைக் கண்டுபிடித்துப் பற்றிக்கொண்டாள். "இவளயும் சேத்து. அஞ்சு."

இந்தத் தடவை கைதட்டல் இல்லை, ராகம் இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் விரலை மடக்கிப் பார்த்து, தன் தன் நேரத்தில், மெதுவாக, அஞ்சு என்று சொன்னது. கடைசிப் பிள்ளையும் சொல்லி முடிக்கும்வரை டீச்சர் சேலைத் தலைப்பைக் கரும்பலகையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லி முடிக்காமல் இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஒரு நொடி அவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்காக அவள் வெட்கப்பட்டாள், இருந்தாலும் தோன்றத்தான் செய்தது.

மழைக்குள்ளிருந்து அந்த அம்மா வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. வரப்பில் இருந்த மூன்று பேரும் அப்போதுதான் மழையைக் கண்டவர்களாக நனைந்து கத்திக்கொண்டு கேட்டுக்கு ஓடிவந்தார்கள். பெஞ்சிலிருந்த பிள்ளை எழுந்தாள். எழுந்தபோது எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்தாள், முழங்காலில் இருந்த பழைய காயத்தழும்புகூடத் தெரிந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய் அம்மாவின் கையைப் பிடித்தாள். அந்த அம்மா ஒவ்வொரு தலையையும் தொட்டு எண்ணினாள். கடைசித் தலையைத் தொடும்போது அந்தப் பிள்ளை நிமிர்ந்து என்னவோ கேட்டது. என்ன கேட்டிருக்கும் என்று வகுப்புக்கே தெரியும். அந்த அம்மா ஆமாம் என்று தலையாட்டினாள். ஐந்து பிள்ளைகளும் அம்மாவும் வரப்பில் நடந்து மழைக்குள் போனார்கள், கணக்கு ஆட்கள் எப்போதும்போலத் திரும்பிப் பார்க்காமல்.

அதற்குப் பிறகும் தினமும் யாராவது வந்துகொண்டுதான் இருந்தார்கள், பிள்ளைகள் சரியாகச் சொன்னார்கள், அவர்கள் கொண்டுவந்ததைக் கொண்டுபோனார்கள். ஊர் பழையபடி தண்ணீருக்குக் குடத்தோடு ரோட்டில் நின்றது. இப்போது கணக்கு எழுதினால் பிள்ளைகள் கூட்டலா கழித்தலா என்று கேட்பதில்லை; "டீச்சர், யாரச் சேத்து, யாரச் சேக்காம?" என்று கேட்கிறார்கள், ஒரு கணக்குக்கு ஒரு பாடவேளை போய்விடுகிறது. பாடத்தை முடிக்கவில்லை என்று அதிகாரி விளக்கம் கேட்டிருந்தார்.

பிள்ளை போன அன்று ராத்திரி டீச்சர் வீட்டுக்கு வந்து, நனைந்த சேலையை மாற்றி, மாமியாருக்குத் துணி மாற்றி, மாவை எடுத்து வைத்து, தட்டு எடுத்தாள். அவருக்கு, அத்தைக்கு, மகளுக்கு. மூன்று. கை தானாக நான்காவது தட்டை எடுத்துவிட்டது. எடுத்துவிட்டுத்தான், அது யாருக்கு என்று நினைவு வந்தது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். கால் வலித்தது, இடுப்பு வலித்தது, பக்கத்தில் கேட்பதற்கு யாரும் இல்லை. உள்ளேயிருந்து புருஷன், "என்ன நிக்க, எத்தன தட்டு வச்சிருக்க?" என்று கேட்டார்.

"நாலு" என்றாள் தங்கபுஷ்பம். "என்னயும் சேத்து." முதல் தோசையை அந்தத் தட்டில் போட்டுக்கொண்டு, அடுப்பை அணைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.